சொல்லிக்கொண்டு புறப்படுதல்

திருவனந்தபுரம் நகரின் வடபுறத்தில், தேசிய நெடுஞ்சாலை 66இன் ஓரமாக அமைந்துள்ள ஊர் கழக்கூட்டம். 1990ஆம் ஆண்டில் கேரள அரசு இவ்வூரில் டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்காவைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா இதுவேயாகும். 1995இல் அன்றைய பிரதமர் பி.வி. நரசிம்மராவ் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன்பின் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பணி நிமித்தமாகப் பல தமிழ்க் குடும்பங்கள் இங்கே குடியேறின. அக்குடும்பங்களின் பிள்ளைகள் தெருவில் மலையாளமும், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் தமிழும் பேசி வளர்கின்றனர்.

அத்தகைய குடும்பம் ஒன்றில் ஏழாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தந்தை மென்பொருள் பொறியாளர். தந்தையின் தாயார் தோவாளையில் வாழ்ந்துவந்தார். தோவாளை, கன்னியாகுமரி மாவட்டத்தில் பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். கழக்கூட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவே எனினும், ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் அங்கே செல்ல முடிந்தது.

டிசம்பர் விடுமுறையில் தோவாளைக்குச் சென்றிருந்தபோது, சிறுமி தன் ஆச்சியின் பேச்சைத் தந்தையின் கைப்பேசியில் பதிவு செய்தாள். திண்ணையில் அமர்ந்து பூத்தொடுத்தபடியே ஆச்சி பேசினார், பாடினார், விடுகதை போட்டார். மொத்தம் பதினொரு ஒளிப்பதிவுகள். அவற்றுள் ஒன்றில், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளைப் பற்றி ஆச்சி கூறியிருந்தார். திருவிதாங்கூரோடு இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் பெயரில் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த நாள் அது. ஆச்சிக்கு அப்போது ஒன்பது வயது. அன்று தம் தந்தையார் திண்ணையில் அமர்ந்து உரத்துச் சிரித்ததை அவர் நடித்தே காட்டியிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் தாமும் சிரித்துவிட்டார்.

கழக்கூட்டம் திரும்பியதும், கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அப்பதிவுகள் வீட்டின் பழைய மேசைக் கணினிக்கு மாற்றப்பட்டன. 'ஆச்சி' என்ற கோப்புறையில் அவை இருந்தன. வேறெங்கும் அவை இல்லை.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். யுனெஸ்கோ அமைப்பு 1999இல் அறிவித்து, 2000ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கொண்டாடப்படும் நாள் இது. பள்ளியில் அன்று ஒவ்வொரு மாணவரும் தத்தம் தாய்மொழியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று ஆசிரியை கூறியிருந்தார். ஆச்சியின் பதிவுகளைத் திரையில் காட்டலாம் எனச் சிறுமி எண்ணினாள்.

அன்று காலை அவள் சீருடை அணிந்தபடியே கணினியின் முன் அமர்ந்தாள். விரலியைச் செருகினாள். பென்டிரைவ் என்று வழக்கில் சொல்லப்படும் சிறு கருவிக்கே தமிழில் விரலி என்று பெயர். கோப்புறையைத் தேர்ந்தெடுத்து 'வெட்டு' என்ற கட்டளையைக் கொடுத்தாள். விரலியில் 'ஒட்டு' என்றாள். திரையில் ஒரு பட்டை விரைந்து நிரம்பி மறைந்தது. வாசலில் பள்ளி வேன் ஒலியெழுப்பியது. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிய சிறுமி விரலியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பள்ளியில் அவளுடைய முறை வந்தது. விரலியைச் செருகிக் கோப்புறையைத் திறந்தபோது நான்கு பதிவுகளே முழுமையாக இருந்தன. வேறு சிலவற்றின் பெயர்கள் மட்டும் தெரிந்தன. அவற்றின் அளவு சுழியம் என்று காட்டியது. மற்றவற்றின் பெயர்கூட இல்லை. தாலாட்டு ஒன்று மட்டும் அரங்கில் ஒலித்தது. 1956ஆம் ஆண்டைப் பற்றிய பதிவு திறக்கவே இல்லை. சிறுமி திகைத்து நின்றாள். "பதிவு இல்லாவிட்டால் என்ன? ஆச்சி சொன்னது உனக்கு நினைவிருக்குமே, நீயே சொல்" என்றார் ஆசிரியை. அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். நடுவே சில இடங்களில் அவளுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியதும் கண்ணீரோடு தந்தையிடம் நடந்ததைக் கூறினாள்.

"கணினியில் பட்டை முழுவதும் நிரம்பியதே, அப்பா. நான் பார்த்தேனே" என்றாள்.

"பட்டை நிரம்பியது உண்மைதான், மக்களே. ஆனால் நீ விரலியை எடுக்கும்போது சொல்லிக்கொண்டா எடுத்தாய்?" என்று கேட்டார் தந்தை. 'மக்களே' என்பது நாஞ்சில் நாட்டில் பெரியவர்கள் பிள்ளைகளை அன்போடு அழைக்கும் சொல்.

கருவியிடம் எவ்வாறு சொல்லிக்கொள்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. தந்தை விளக்கினார்.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். கடையில் கூட்டம் மிகுந்திருக்கும்போது ஒவ்வொரு விற்பனையையும் அவர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருப்பதில்லை. கையருகே உள்ள சிட்டையில் விரைவாகக் குறித்துக்கொள்கிறார். சற்று ஓய்வு கிடைத்தபின் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் நிதானமாகப் பதிகிறார். அவர் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து பேரேட்டைப் பறித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? எழுதியவை இருக்கும், எழுதாதவை இரா, எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும்.

கணினியும் இவ்வாறே செயற்படுகிறது. அதன் உள்நினைவகம் மிக விரைவானது. விரலியோ அதைவிடப் பன்மடங்கு மெதுவாக எழுதும் இயல்புடையது. ஃபிளாஷ் எனப்படும் நினைவகத்தைக் கொண்டு விரலி செய்யப்படுகிறது. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா இதனைக் கண்டுபிடித்தார். மிக நுண்ணிய அறைகளில் மின்னணுக்களை அடைத்துவைத்துத் தகவலைக் காப்பதே இதன் செயல்முறை. மின்சாரம் நின்றபின்னும் அடைபட்டவை அங்கேயே இருக்கும். ஆயினும் அடைப்பதற்கும் அழிப்பதற்கும் நேரம் தேவைப்படுகிறது. பயனாளர் காத்திருக்கவேண்டாம் என்பதற்காக, இயங்குதளம் கோப்புகளை முதலில் தன் உள்நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொள்கிறது. பின்னர்ச் சிறிது சிறிதாக விரலியில் எழுதுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில், மாறிய தகவல் எழுதப்படாமல் முப்பது நொடி வரையில் காத்திருப்பது இயல்பான அமைப்பாகும். எழுதத் தொடங்கியபின்னும் பெரிய கோப்பு முழுவதும் எழுதி முடியக் கூடுதல் நேரம் ஆகலாம். சிறுமி கண்ட பட்டை, சிட்டை நிரம்பியதைக் காட்டிய பட்டை. பேரேடு அப்போது நிரம்பியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு விரலியிலும் நூலின் பொருளடக்கத்தைப் போன்ற ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே தொடர்கிறது என்பதை அவ்வட்டவணையே கூறும். கோப்பு முழுவதும் எழுதப்பட்டிருந்தாலும் அட்டவணை திருத்தப்படாவிட்டால் அக்கோப்பைக் கணினியால் கண்டுபிடிக்க இயலாது. அட்டவணையில் பெயர் ஏறி, உள்ளடக்கம் ஏறாவிட்டால் சுழியம் என்ற அளவோடு வெறும் பெயர் நிற்கும். அட்டவணையை எழுதும் நேரத்திலேயே இணைப்பு அறுந்தால், முன்பே பத்திரமாக இருந்த கோப்புகளும் தொலைய நேரிடலாம்.

"அப்படியானால், பிடுங்கும்போது கெட்டுப்போகாதபடி விரலியை ஏன் செய்யவில்லை?" என்று சிறுமி கேட்டாள்.

தந்தை விரலியின் உலோக முகப்பை விளக்கின் அருகே காட்டினார். உள்ளே நான்கு பொன்னிறப் பட்டைகள் தெரிந்தன. ஓரத்தில் உள்ள இரண்டும் நீளமானவை. நடுவில் உள்ள இரண்டும் சற்றே குட்டையானவை. ஓரத்துப் பட்டைகள் மின்சாரத்திற்கு உரியவை. நடுப் பட்டைகள் தகவலுக்கு உரியவை. செருகும்போது மின்சாரம் முதலில் இணைகிறது. தகவல் வழி பின்னர் இணைகிறது. எடுக்கும்போது தகவல் வழி முதலில் பிரிகிறது. மின்சாரம் கடைசியாகப் பிரிகிறது. இதனால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செருகினாலும் எடுத்தாலும் மின்னிணைப்பு முறைப்படியே நடைபெறும். யு.எஸ்.பி. எனப்படும் இவ்விணைப்பு முறையின் முதல் வரையறை 1996ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அதனை உருவாக்கியோருள் குறிப்பிடத்தக்கவர் வடோதராவில் கல்வி பயின்று, அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் ஆவார்.

மின்சாரத்தை இவ்வாறு வரிசைப்படுத்த முடிந்தது. எழுதி முடியாத தகவலை எந்தப் பட்டையாலும் காக்க முடியாது. அதற்குப் பயனாளர்தாம் சொல்லவேண்டும்.

சொல்லும் முறை எளிது. விரலியில் உள்ள கோப்பு எதுவும் திறந்திருந்தால் முதலில் அதனை மூடவேண்டும். லினக்ஸில் விரலியின் பெயருக்கு அருகில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறி இருக்கும், அதனை அழுத்தவேண்டும். விண்டோஸில் திரையின் கீழ்மூலையில் உள்ள விரலிக் குறியை அழுத்தி, பாதுகாப்பாக அகற்றுவதற்கான கட்டளையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கட்டளை கிடைத்தவுடன் கணினி புதிய எழுத்து வேலை எதனையும் ஏற்பதில்லை. சிட்டையில் எஞ்சியுள்ள அனைத்தையும் பேரேட்டில் ஏற்றுகிறது, அட்டவணையைத் திருத்துகிறது, அதன்பின் இணைப்பைத் துண்டித்து, இனி எடுக்கலாம் என்று அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு வந்தபின்னரே விரலியில் கை வைக்கவேண்டும். கருவி இன்னும் பயன்பாட்டில் உள்ளது என்று கணினி மறுத்தால், ஏதோ ஒரு கோப்பு மூடப்படவில்லை என்பது பொருள். அதனைத் தேடி மூடவேண்டும். அதன்பின்னும் மறுத்தால் கணினியை முறைப்படி நிறுத்திவிட்டு விரலியை எடுக்கலாம்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், விரலிகளுக்கு இச்சிட்டை முறையை இயல்பாகப் பயன்படுத்துவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமைப்பை மாற்றியது. எழுதுவது மெதுவாக நடந்தாலும், எழுதி முடிந்தபின் நேரடியாக எடுத்துவிடலாம் என்பது அதன் நோக்கம். எனினும், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தால் அங்கும் இதே இழப்புத்தான். ஒரே விரலி வீட்டில் ஒரு கணினியிலும் பள்ளியில் வேறொரு கணினியிலும் செருகப்படுகிறது. எந்தக் கணினியில் எந்த முறை என்று ஒவ்வொரு முறையும் ஆராய்வதைவிட, எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு எடுப்பதே நல்ல பழக்கம்.

"ஆச்சி வீட்டிலிருந்து புறப்படும்போது நீ 'போகிறேன்' என்று சொன்னால் அவர் விடுவாரா?" என்று தந்தை கேட்டார்.

"விடமாட்டார். 'போய் வருகிறேன்' என்று சொல்லவைப்பார். பிறகு முறுக்கு, பூ, திருநீறு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார். எல்லாவற்றையும் பையில் வைத்து முடித்தபின்தான் வாசலுக்கே வருவார்."

"நீ சொல்லாமலே ஓடிவந்திருந்தால் முறுக்கு அடுக்களையிலேயே இருந்திருக்கும் அல்லவா? கணினியும் இன்று காலை கொடுக்கவேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. நீ வேனில் ஏறிவிட்டாய்."

சிறுமிக்கு இப்போது விளங்கியது. ஆனால் அவளுடைய கவலை தீரவில்லை. அவள் நகலெடுக்காமல் வெட்டி ஒட்டியிருந்தாள். நகலெடுத்திருந்தால் மூலம் கணினியிலேயே இருந்திருக்கும். வெட்டி ஒட்டும்போது, ஒட்டுதல் முடிந்ததாகக் கருதிக் கணினி மூலத்தை நீக்கிவிடுகிறது. ஆகவே பதிவுகள் இரண்டு இடத்திலும் இல்லாமற்போயின.

தந்தை அக்கணினியில் வேறு எவரும் எதனையும் சேமிக்கவேண்டாம் என்றார். ஒரு கோப்பை நீக்கும்போது பெரும்பாலும் அட்டவணையிலிருந்து அதன் குறிப்பே நீக்கப்படுகிறது. வன்தட்டில் அது இருந்த இடம் காலியானதாகக் குறிக்கப்படுகிறது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கக்கூடும். மீட்பு மென்பொருளைக் கொண்டு அவர் அன்றிரவு நெடுநேரம் தேடினார். சிறுமியும் உறங்காமல் அருகில் அமர்ந்திருந்தாள். தொலைந்த ஏழனுள் ஐந்து மீண்டும் கிடைத்தன. ஆச்சியின் விடுகதைகள் வந்தன. பூத்தொடுக்கும் முறையைச் சொன்ன பதிவும் வந்தது. இரண்டு வரவில்லை. 1956ஆம் ஆண்டைப் பற்றிய பதிவு அவற்றுள் ஒன்று.

மறுநாள் சிறுமி தோவாளைக்குத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னாள். ஆச்சி கடிந்துகொள்ளவில்லை. "அதற்கென்ன, மக்களே! வாய் இருக்கிறது, இன்னொரு முறை சொன்னால் போயிற்று" என்றார். அவ்வாறே அன்றே சொல்லவும் செய்தார். நாள், ஊர், நிகழ்ச்சி எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் தந்தையாரின் சிரிப்பை அவர் இம்முறை நடித்துக் காட்டவில்லை. கேட்டபோது, "அப்படியா சொன்னேன்? நினைவில்லையே" என்றார். அச்சிரிப்பு இப்போது சிறுமியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதனைத் தன் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைத்தாள். பள்ளி அரங்கில் கிடைக்காமற்போன சொற்களைத் தந்தையிடம் கேட்டு நிரப்பினாள்.

விரலி என்னும் கருவி பிறந்து நெடுங்காலம் ஆகவில்லை. தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், டிரெக் என்னும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'தம்டிரைவ்' என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டைவிரல் அளவே உள்ளது என்பதால் அப்பெயர். விரலி என்னும் தமிழ்ச் சொல்லும் அவ்வாறு அமைந்ததே. அதே ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் விற்ற விரலியின் கொள்ளளவு 8 மெகாபைட். அதற்கு முன் வழக்கில் இருந்த நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட் மட்டுமே. இன்று விரலளவுக் கருவி ஒன்றில் ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களும், பிள்ளைகளின் மழலையும், மூத்தோரின் குரலும் அடங்கிவிடுகின்றன. ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு அதில் இருப்பது பெரும்பாலும் ஊரே ஆகும். ஆகவே அதனை முறையாக எடுப்பது மட்டும் போதாது. விரலி தொலையலாம், பழுதடையலாம். அரிய பதிவுகளை எப்போதும் இரண்டு இடங்களிலேனும் வைத்திருக்கவேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் அக்குடும்பம் மீண்டும் தோவாளைக்குச் சென்றது. சிறுமி இம்முறை பதிவு செய்தவற்றை அன்றிரவே தந்தையின் மடிக்கணினியில் நகலெடுத்தாள். பின்னர் விரலியிலும் நகலெடுத்தாள். பட்டை நிரம்பி மறைந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அம்புக்குறியை அழுத்தினாள். விரலியின் முனையில் இருந்த சிறு விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. வாசலில், புறப்பட நேரமாகிவிட்டது என்று தந்தை அழைத்தார்.

"ஒரு நிமிடம், அப்பா. இது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது" என்றாள்.

அடுக்களையிலிருந்து ஆச்சி முறுக்குப் பொதியோடு வந்து அவளருகே நின்றார். விளக்கு அணைந்தது. இனி எடுக்கலாம் என்ற அறிவிப்பு திரையில் தோன்றியது. சிறுமி விரலியை எடுத்து ஆச்சியின் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு, ஆச்சி. இங்கேயும் ஒன்று இருக்கட்டும்" என்றாள். பிறகு குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு, "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.